ஆறாவது பயணம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

பொத்தான் எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, குட்டி மூன்று பேரும் சௌக்கியம். குட்டிக்குக் கொஞ்சம் சளி, வாய் மட்டும் குறையவில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமாவுக்கு பஸ் டிப்போவில் இன்னும் காலை ஷிப்டுதானா?

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்து "சரி, வச்சிடு" என்று முடித்துவிடுகிறாய். நடுவில் உன் தையல் மெஷின்தான் பேசுகிறது. இது காகிதத்தில் கேட்க வேண்டிய விஷயம்.

வருகிற பிப்ரவரியோடு நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் முடிகிறது. பத்து வருடத்தில் ஒரு நாள்கூட அனுமதி இல்லாமல் தங்கியதில்லை என்று காட்டினால், நிரந்தரமாக இங்கேயே இருக்க விண்ணப்பிக்கலாம். எனக்கு இப்போது இருப்பது வெறும் வேலை அனுமதி. அது அக்டோபரில் முடிகிறது, இனிமேல் நீட்டிக்க மாட்டார்களாம். நான் பார்க்கிற ஆஸ்பத்திரி லிப்ட் ரிப்பேர் வேலையையும் புதுக் கம்பெனி ஒன்று எடுக்கிறது. நிரந்தர அனுமதி இருப்பவர்களை மட்டும்தான் அவர்கள் வைத்துக்கொள்வார்கள். கிடைத்தால் இருப்போம். கிடைக்காவிட்டால் அக்டோபரில் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவளுடைய நர்ஸ் படிப்பு இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கிறது, அதுவும் அந்தரத்தில் நிற்கும்.

படிவம் நாற்பத்திரண்டு பக்கம். அதில் ஒரு பக்கம் முழுக்க, பத்து வருடத்தில் நாட்டைவிட்டு எப்போதெல்லாம் வெளியே போனேன், எப்போது திரும்பி வந்தேன், எதற்காகப் போனேன் என்று கேட்கிறார்கள். பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதலாம் என்றால், முன்பு இருந்த அறையில் குழாய் வெடித்தபோது அது கூழாகிவிட்டது. எனக்கோ மாதம்கூடச் சரியாக நினைவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு லிப்ட் எந்தெந்த நாளில் நின்றுபோயின என்று கேட்டால் ஒப்பிப்பேன்.

அப்போதுதான் உன் தையல் கடை அளவு நோட்டு ஞாபகம் வந்தது. நான் வந்து பையைக்கூட இறக்கியிருக்க மாட்டேன், வாசலில் நிற்க வைத்து டேப்பைப் போட்டுவிடுவாயே. தேதி போட்டு எழுதுவாய் அல்லவா? அந்தத் தேதிகளை எடுத்து அனுப்பு, அக்கா.

படிவத்துக்கு நேற்று போட்டோ எடுத்தேன். அந்தச் சாம்பல் நிறக் கோடு போட்ட சட்டையைத்தான் போட்டிருந்தேன். நாலாம் வருடம், நான் ஊருக்கு வராதபோது தபாலில் அனுப்பினாயே, அது. அந்த வருடம் நான் பாதியாக இளைத்திருந்தேன். அளவே தராமல் எப்படி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் பொத்தான்

---

ஜனவரி 29

பொத்தானுக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்துதான் கடைக்கு வருகின்றன. மாமாவுக்குக் காலை ஷிப்டுதான். வீட்டிலும் நான் வருகிற நேரம் போகிற நேரத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறார். குட்டியின் சளி போயிற்றா? உன்னை ஏன் பொத்தான் என்று கூப்பிடுகிறேன் என்று அன்றைக்குப் போனில் கேட்டாள். மூன்று வயதில் சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு இரண்டு நாள் வீட்டையே கதிகலங்க வைத்தவன் உங்கப்பன் என்று சொல்லியிருக்கிறேன். பொத்தான் எப்படி வெளியே வந்தது என்பதை நீயே சொல்லிக்கொள்.

பழைய நோட்டுகளை இறக்கிப் பார்த்தோம். கடையில் காஜா எடுக்கிற அம்மா தும்மித் தும்மி ஓய்ந்துவிட்டாள். இந்தா, எழுதிக்கொள்.

இரண்டாம் வருடம், மே 9. நெஞ்சு 38, இடுப்பு 33.

மூன்றாம் வருடம், டிசம்பர் 20. நெஞ்சு 39, இடுப்பு 35. ஓட்டல் சாப்பாடு.

ஐந்தாம் வருடம், ஏப்ரல் 2. உன் கல்யாணம். நெஞ்சு 38, இடுப்பு 33. கோட்டு தைத்தேன், நீ போட்டோவுக்கு மட்டும் போட்டுவிட்டுக் கழற்றிவிட்டாய். அதை நான் மறக்கவில்லை.

ஏழாம் வருடம், ஜூன் 15. குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். இடுப்பு 36.

ஒன்பதாம் வருடம், மார்ச் 1. இடுப்பு 38. பக்கத்தில் "சொல்லிவைக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறேன். இப்போது சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் நீ வந்து இறங்கிய தேதிகள். முந்தின நாள் அங்கிருந்து கிளம்பியிருப்பாய். திரும்பிப் போன தேதிகளை மாமா தனியாக எழுதி வைத்திருக்கிறார், அவர் காகிதத்தையும் உள்ளே வைத்திருக்கிறேன். ஐந்து தடவை. நாலாம் வருடம் நீ வீட்டுக்கு வரவில்லை.

சட்டை பொருந்தியதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். முப்பது வருடமாகத் தைக்கிறேன், தம்பி உடம்பு தெரியாதா.

படிவத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து பயணப் பக்கத்தை எழுதி முடித்தேன். விண்ணப்பத்தைப் பார்த்துக்கொள்கிற வக்கீல் அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தெளிவா யாருமே தேதி கொண்டுவந்ததில்ல. உங்க ஊர்ல ஏதாவது பதிவாளர் ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்கீங்களா?" என்றார். தையல் கடை என்றேன். நம்பவில்லை.

அந்தப் பக்கத்தில் எட்டு வரி இருந்தது. ஐந்தை நிரப்பி, மீதி மூன்றையும் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று. நேற்று அனுப்பிவிட்டோம்.

இன்றைக்கு நான்காம் எண் லிப்ட் மூன்றாவது மாடியில் நின்றுவிட்டது. அதற்கு மட்டும் தனிக் குணம், ஆள் இருந்தால்தான் நிற்கும். உள்ளே ஒரு தாத்தா, கையில் பூங்கொத்து. கதவைத் திறந்ததும், "பேரன் பொறந்து இருபது நிமிஷமாச்சு, இன்னும் பாக்கலை" என்று என்னையே திட்டினார். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பொத்தான்

---

மார்ச் 4

பொத்தானுக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் நலம். மழை பெய்து கடைக்குள் தண்ணீர் வந்தது, துணியெல்லாம் மேலே ஏற்றிவிட்டோம். தாத்தாவைப் பத்திரமாக இறக்கிவிட்டதில் சந்தோஷம்.

அடித்த மூன்று வரியைப் பற்றி எழுதியிருந்தாய். அதை இரண்டு தடவை படித்தேன். அடிப்பதற்கு முன்னால் நன்றாக யோசித்தாய் அல்லவா? துணியில் ஒரு இஞ்ச் தப்பாக வெட்டினால் ஒட்டுப் போட்டு ஒப்பேற்றிவிடலாம். சர்க்கார் காகிதத்தில் அது நடக்காது.

எனக்கென்ன தெரியும். சும்மா கேட்டேன்.

குட்டிக்கு இரண்டு கவுன் தைக்கிறேன். உயரம் எழுதி அனுப்பு, இடுப்பு வேண்டாம், அவள் அப்பனைப் போல மாறிக்கொண்டே இருக்கும்.

அக்கா

---

ஏப்ரல் 21

அக்காவுக்கு,

குட்டியும் அவளும் சௌக்கியம். நீங்கள் இருவரும் சௌக்கியம்தானே. இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. நாலாம் வருடம் ஆகஸ்ட் 14 அன்று நான் இந்த நாட்டுக்குள் நுழைந்ததாக அவர்களிடம் பதிவு இருக்கிறது. உள்ளே வந்திருக்கிறீர்கள் என்றால் வெளியே போயிருக்க வேண்டும், அந்தப் பயணம் உங்கள் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் வந்தேன், அக்கா. நாலாம் வருடம் ஊருக்கு வந்தேன்.

அந்த வருடம் ஜூன் 5 அன்று என் பழைய லிப்ட் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். வேலை போனால் இங்கே அறுபது நாள்தான் இருக்கலாம். அதற்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். ஏறி இறங்காத இடமில்லை. ஐம்பது நாளுக்கு மேல் போனதும் போதும் என்று ஒரு பெட்டியோடு கிளம்பிவிட்டேன். திரும்புகிற எண்ணமே இல்லை. உன்னிடம் வந்துவிட வேண்டும் என்று மட்டும்தான் இருந்தது.

நம் ஊர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். முகம் மழித்துக் குளித்துவிட்டு மனிதனாக உன் முன்னால் நிற்கலாம் என்று. மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும், உன் கடைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் இறங்கினேன். நீ கழுத்தில் டேப்போடு நின்றிருந்தாய். ஒரு அம்மாவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாய். சுவரில் என் போட்டோவை மாட்டி வைத்திருக்கிறாய் என்று அன்றுதான் தெரிந்தது. அதை ஸ்கேலால் தொட்டுக் காட்டி அவரிடம் ஏதோ சொன்னாய். உன் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

அந்தப் போட்டோவில் இருக்கிறவன் எப்படி அக்கா சாலையைக் கடந்து வந்து "வேலை போச்சுக்கா" என்று சொல்வான்?

என்னால் முடியவில்லை. லாட்ஜுக்குத் திரும்பிவிட்டேன். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்றே இரண்டு வாரம் ஓடியது. அப்போதுதான் முன்பு விண்ணப்பித்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வேண்டும், காகிதம் தயார் என்று தகவல் வந்தது. யாரிடமும் சொல்லாமல் வந்தவன் சொல்லாமலே போய்விட்டேன். நடுவில் ஒரு நாள் உனக்குப் போன் செய்து, அங்கிருந்து பேசுகிறேன், வேலை நன்றாகப் போகிறது என்று பொய்யும் சொன்னேன்.

இதை மறைக்கத்தான் படிவத்தில் ஐந்தோடு நிறுத்தினேன். உன்னிடம் சொன்ன பொய்யை அங்கேயும் எழுதிவிட்டேன். போன வாரம்தான் இவளிடம் சொன்னேன். "சர்க்காருக்கு அப்புறம் எழுதலாம். மொதல்ல அக்காவுக்கு எழுதுங்க" என்றாள்.

சிக்கல் என்னவென்றால், நான் ஜூலை 28 அன்று கிளம்பினேன். ஆனால் அந்தக் காலத்தில் வெளியே போகிறவர்களை இவர்கள் பதிவு செய்ததில்லை. அறுபது நாள் கெடு ஆகஸ்ட் 4. அதற்குப் பிறகும் இங்கேயே இருந்திருந்தால் அனுமதியில்லாமல் இருந்ததாகிவிடும், பத்து வருடக் கணக்கு அங்கே அறுந்துபோகும். அதற்கு முன்பே நான் ஊரில் இருந்தேன் என்று வருகிற ஜூலை 10க்குள் அவர்களிடம் காட்ட வேண்டும். டிக்கெட் வந்த மின்னஞ்சல் பழைய கம்பெனியோடு போய்விட்டது. அந்த லாட்ஜை இடித்துவிட்டார்களாம். என்னைப் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. பார்க்காமல் போவதற்குத்தானே அவ்வளவு பாடுபட்டேன்.

உன்னிடம் கேட்க எதுவும் இல்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். கோபம் வந்தால் திட்டி எழுது.

பொத்தான்

---

மே 4

மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. வீட்டில் அனைவரும் நலம் என்று எழுத வேண்டும், பாதி நலம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. டிப்போவில் பஸ் வந்த நேரம், போன நேரம் எழுதித்தான் பழக்கம். அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் ஏப்ரல் 30 காலை 10.20க்கு வந்தது. உங்கள் அக்கா கடை வாசலில் நின்றே படித்தாள். 10.35க்குக் கடையை மூடினாள். மறுநாள் திறக்கவில்லை. அதற்கு மறுநாள் கடைக்குப் போனவள் உள்ளே போகாமல், எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். காஜா எடுக்கிற அம்மா டிப்போவுக்கு ஆள் அனுப்பினார். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழு பஸ் போயிற்று. அதில் இரண்டு தாமதம்.

பிறகு அவளாகவே எல்லாவற்றையும் சொன்னாள். அதை நான் எழுதக்கூடாது, அவள் எழுதுவாள். கோபமாக இருக்கிறாளோ என்று நினைத்து நீங்கள் மருக வேண்டாம். கோபம் உங்கள் மேல் இல்லை.

மாமா

---

மே 10

பொத்தானுக்கு,

அக்காவின் ஆசிகள். சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டேன். இந்த ஒரு தடவை வேறு பேசுகிறேன்.

யாரும் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் பார்த்தேன்.

அன்றைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தவர் சயின்ஸ் டீச்சர். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளைக் கோட்டு கேட்டு வந்திருந்தார். உன் போட்டோவைப் பார்த்து யார் என்றார். "என் தம்பி. வெளிநாட்டுல பெரிய இன்ஜினியர். அவன் இல்லாம அங்க ஒண்ணும் நடக்காது" என்றேன். நீ லிப்ட் ரிப்பேர் செய்கிறவன் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வாயில் அப்படித்தான் வந்தது. சொல்லிவிட்டு நிமிர்ந்தால் எதிரே நீ நிற்கிறாய்.

முதலில் நம்பவில்லை. பிறகு நீ தலையைச் சொறிந்தாய். அது நீதான். கன்னம் ஒட்டி, தோள் தொங்கி, சட்டை யாருடையதோ மாதிரி. பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது.

இதற்கு மேல் எழுத எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. உண்மையை எழுதிவிடுகிறேன். "ஒரு நிமிஷம் இருடா, இந்தம்மா போயிடட்டும், அப்புறம் வா" என்று மனதுக்குள் நினைத்தேன். அவ்வளவுதான். நீ அந்தக் கோலத்தில் உள்ளே வந்தால் டீச்சர் திரும்பிப் பார்ப்பாரே, நான் சொன்னதெல்லாம் என்ன ஆகும் என்று. அதற்காக உன்னைக் கூப்பிடாமல், குனிந்து அவர் கையளவை எடுத்தேன். ஒரு பஸ் வந்து நடுவில் நின்றது. அது போனபோது நீ இல்லை.

செருப்பில்லாமல் முனை வரைக்கும் ஓடினேன். எந்தப் பக்கம் போனாய் என்று தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வருவாய் என்று காத்திருந்தேன். மறுநாள் வருவாய் என்று காத்திருந்தேன். அடுத்த வாரம் உன் போன் வந்தது. "இங்க நல்லா இருக்கேன்க்கா" என்கிறாய், பின்னால் நம் பஸ் நிலையத்து ஒலிபெருக்கி ஊர்ப்பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. மாமா இருபது வருடமாகக் கேட்கிற குரல், எனக்குத் தெரியாதா. "எங்கடா இருக்க, வீட்டுக்கு வா" என்று வாய்வரை வந்தது. நான் பார்த்ததைச் சொன்னால், பார்த்தும் ஏன் கூப்பிடவில்லை என்று நீ கேட்பாயே. "சாப்பிட்டியா" என்றேன். அன்றிலிருந்து போனில் அதற்கு மேல் கேட்கப் பயம். உன் பொய்யைக் காட்டிக்கொடுக்காமல் என் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டேன். ஜனவரியில் நீ தேதி கேட்டபோதும் "வீட்டுக்கு வரவில்லை" என்று பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன்.

நீ ஒருவன் மட்டும் குற்றவாளி மாதிரி எழுதியிருக்கிறாய். அதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முனையிலிருந்து திரும்பி வந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் நோட்டை எடுத்தேன். டீச்சர் அளவுக்குக் கீழேயே எழுதினேன். பக்கத்தைப் படம் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து கோணல், இங்கேயும் எழுதுகிறேன்:

"ஜூலை 30, புதன். தம்பி. எதிர்ப்பக்கம் நின்றான். டேப் போடவில்லை. நெஞ்சு 36, இடுப்பு 30, கழுத்து 14. தோள் 17 தெரிகிறது. நிமிர்ந்தால் 18."

சாம்பல் சட்டையை இந்த அளவுக்குத்தான் வெட்டினேன். தோளை மட்டும் 18க்கே வைத்தேன். நிமிர்ந்துவிடுவாய் என்று.

இது உன் வக்கீலுக்கு உதவுமா பார்.

அக்கா

---

மே 24

அக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கக் கை வரவில்லை. சௌக்கியமாக இரு.

உன் கடிதத்தை நான்காம் எண் லிப்ட்டின் மேலே மெஷின் அறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கே யாரும் வர மாட்டார்கள். நன்றாக அழுதேன். கீழே மூன்று தடவை மணி அடித்தார்கள்.

நீ கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன், உண்மைதான். நான் கடந்திருந்தால் நீ கட்டிக்கொண்டிருப்பாய், அதுவும் உண்மைதான். ஆளுக்கு ஒரு நிமிடம் தயங்கியிருக்கிறோம். என் நிமிடம் இரண்டு வாரம் நீண்டது, ஆகையால் நான்தான் பெரியவன். இதில் மட்டும் மூத்தவள் என்று போட்டிக்கு வராதே.

வக்கீல் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். ஆனால் படம் போதாதாம். முழு நோட்டும் வேண்டும், முன்னும் பின்னும் தேதி வரிசையாக இருந்தால்தான் நடுவில் செருகியது இல்லை என்று நம்புவார்கள். நீ நோட்டரி வக்கீல் முன்னால் என்னை அன்று பார்த்ததாகச் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டும். அன்று அளவு கொடுத்த வேறொருவர் தேதியை உறுதி செய்தால் இன்னும் பலம் என்கிறார்.

அந்தப் பக்கத்தில் இருக்கிற வேறொருவர் யார் என்று உனக்கே தெரியும். உன்னால் முடியாவிட்டால் வேண்டாம், அக்கா. நிஜமாகத்தான் சொல்கிறேன். நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். குட்டிக்கு உன் கடையில் இடம் இருக்கும்.

உன் பொத்தான்

---

ஜூன் 14

பொத்தானுக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் வலி அப்படியே, மற்றபடி நலம். பெட்டி கட்டுகிற பேச்சை நிறுத்து. என் தம்பி பெண்டாட்டி படிப்பை முடிக்கட்டும்.

டீச்சர் வீட்டுக்கு நானே போனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். கோட்டை இன்னும் வைத்திருக்கிறார், பில்லும் அதன் பையிலேயே இருந்தது. பில்லில் ஜூலை 30 என்று என் கையெழுத்து. ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லி அழைத்துப் போனேன். மீதியைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

நோட்டரி வக்கீலின் அறையில் தட்டச்சுப் பெண்ணுடையது போக மூன்று நாற்காலி, நாங்கள் நாலு பேர். மாமா நின்றார். வக்கீல் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பு அதில் இருக்கிறது, அவர் மாமியாருடையது உள்பட. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "கூடப் பொறந்தவரு. கண்ணால பாத்திருக்கீங்க. ஏன் கூப்பிடலை?"

"அதையும் எழுதணுமா?" என்றேன்.

"நான் எழுதலைன்னாலும் அங்க கேப்பாங்கம்மா. பாத்தவங்க கூப்பிடாம இருந்தாங்கன்னா, பாக்கவே இல்லைன்னுதான் நெனைப்பாங்க."

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாமாவைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆகட்டும் என்பது மாதிரி. சொல்லிவிட்டேன். இன்ஜினியர் என்று சொன்னது பொய், அந்தப் பொய் இவர் முன்னால் உடையக் கூடாது என்று என் தம்பியை வெயிலில் நிற்க வைத்தேன், அவன் போய்விட்டான். இதே வார்த்தைகளில். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். பிறகு, "எனக்காகவா அந்தப் புள்ளையை நிக்க வச்சே?" என்றார். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே சொன்னார்: "நான் லிப்ட்ல மாட்டிக்கிட்டா இன்ஜினியரையா கூப்பிடப் போறேன்? உன் தம்பியைத்தான் கூப்பிடுவேன். இதுல என்ன பொய் சொல்லக் கிடக்கு." படி இறங்கும்போது, "அந்தக் கோட்டுல கை ஒண்ணு இறுக்கமாவே இருந்துச்சு. ஏழு வருஷம் கழிச்சு இப்பதான் காரணம் தெரியுது" என்றார். பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்திருக்கிறேன்.

சத்தியக் காகிதம், டீச்சர் கையெழுத்து, பில், நோட்டு எல்லாம் தனிப் பார்சலில் வருகிறது. நோட்டு இல்லாமல் கடை எப்படி ஓடும் என்று கவலைப்படாதே. ஏழு வருடத்துப் பழைய அளவு இப்போது யாருக்கும் ஆகாது.

உன் போட்டோவுக்குக் கீழே "லிப்ட் மெக்கானிக்" என்று எழுதி ஒட்டிவிட்டேன். நேற்று இரண்டு பேர் தங்கள் கட்டடத்து லிப்ட்டைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அக்கா

---

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உனக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். போனில் அன்றைக்கே சொல்லிவிட்டேன், நீ அழுததில் பாதி உனக்குக் கேட்டிருக்காது. அதனால் முறையாக எழுதுகிறேன். கிடைத்துவிட்டது. மூன்று பேருக்கும் நிரந்தர அனுமதி. அட்டை கையில் இருக்கிறது, குட்டியின் போட்டோவில் அவள் நாக்கை நீட்டியிருக்கிறாள்.

ஜூலை 22 அன்று நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அதிகாரி என் வயதை ஒத்த ஒரு அம்மா. மேஜையில் உன் நோட்டு, மொழிபெயர்த்த காகிதங்கள். பட்டியலில் ஒரு பயணத்தை ஏன் மறைத்தீர்கள் என்றார். அக்காவிடம் மறைத்திருந்தேன், அதனால் எல்லோரிடமும் மறைத்தேன் என்றேன். திருத்திய படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "அக்காவைப் பார்க்க" என்று எழுதியிருந்தேன். அதில் விரலை வைத்து, "பார்த்தீர்களா?" என்றார்.

"பேசவில்லை" என்றேன்.

"அவர் உங்களைப் பார்த்திருக்கிறார்" என்றார். பிறகு, நிமிர்ந்தால் 18 என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அந்தச் சாம்பல் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போயிருந்தேன், இப்போது பொத்தான் பூட்ட மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தோள் மட்டும் அப்படியே சரியாக நிற்கிறது. அவர் என் தோளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முதல் பட்டியலில் மறைத்தது தவறு, அதைக் குறிப்பில் எழுதுகிறேன், ஆனால் தேதி நிரூபணமாகிவிட்டது என்றார். நோட்டை இரண்டு கையாலும் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

இனிமேல் வெளியே போனால் எந்தப் படிவத்திலும் காரணம் எழுத வேண்டாம், அக்கா. அக்டோபர் 9 காலையில் வருகிறோம். நோட்டைக் கையோடு கொண்டுவருகிறேன். லாட்ஜுக்குப் போக மாட்டேன், நேராகக் கடைக்குத்தான்.

உன் பொத்தான்

---

செப்டம்பர் 11

பொத்தானுக்கு,

அக்காவின் ஆசிகள். மாமா நாள்காட்டியில் அக்டோபர் 9ஐ வட்டம் போட்டு வைத்திருக்கிறார். நீங்கள் வருகிற பஸ்ஸுக்குத் தாமதம் ஆகாமல் பார்த்துக்கொள்வதாக டிப்போவில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. டீச்சர் கோட்டைப் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். நீ வருகிற அன்றைக்குக் கடைக்கு வருவாராம். வரட்டும்.

கடைக்குள் நுழையாதே. பஸ்ஸை விட்டு இறங்கி அதே எதிர்ப்பக்கத்தில் பெட்டியோடு நில். குட்டி கையைப் பிடித்துக்கொள், வண்டிகள் இப்போது அதிகம். நான் எல்லோர் முன்னாலும் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். பிறகு நானே சாலையைக் கடந்து வருவேன். முழங்கால் வலியால் கொஞ்சம் மெதுவாகத்தான் வருவேன், நடுவில் பஸ் வந்து நின்றாலும் நீ இடத்தைவிட்டு நகராதே.

டேப் கழுத்திலேயே இருக்கும். நோட்டில் அந்த ஜூலைப் பக்கத்தில் உன் அளவு இன்னும் கண்ணால் எடுத்ததாகவே இருக்கிறது. அங்கேயே வைத்து எடுத்துவிடலாம்.

அக்கா